அடுத்த கட்டிலா, வயல் மண்ணா?

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் ஒரு பரம்பரை நோய். அது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதில்லை. அந்நோயுள்ள பிள்ளையை உம்மா அணைத்துத் தூங்கவைக்கலாம், உம்மம்மா மடியில் இருத்திச் சோறூட்டலாம், வகுப்புப் பிள்ளைகள் பக்கத்தில் இருந்து படிக்கலாம். ஆனால் அதே நோயுள்ள இன்னொரு பிள்ளை மட்டும் கிட்ட வரக்கூடாது என்று மேலை நாடுகளின் சிகிச்சை நிலையங்கள் விதி வைத்திருக்கின்றன. இருவரும் ஒரே வாங்கில் காத்திருக்கக் கூடாது. ஒரே வார்டில் படுக்கக் கூடாது. வைத்தியசாலைக்கு வெளியே சந்தித்து விளையாடவும் கூடாது. நோயாளியை நலம் விசாரிக்கப் போவதைக் கடமையாகக் கருதும் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் போன்ற ஊர்களில் இப்படியொரு விதி கொடுமையாகவே படும். தொற்றாத நோய்க்கு எதற்கு இந்தத் தடை?

இங்கே ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போவது நோயன்று, அந்நோயாளியின் நுரையீரலில் குடியேறியிருக்கும் பற்றீரியா. சிகிச்சை பெறும் இடத்தில் ஒரு நோயாளியின் கிருமி காற்று, கை, கருவி ஆகியவற்றின் வழியே இன்னொரு நோயாளியை அடைவதைக் குறுக்குத் தொற்று என்பர். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளரிடையே இது நடக்கிறதா இல்லையா என்று மருத்துவர்கள் பல ஆண்டுகள் வாதிட்டார்கள். அந்த வாதம் எப்படித் தீர்ந்தது என்பதைப் புரிந்துகொள்ள முதலில் நோயைப் பார்க்கவேண்டும்.

உப்பும் நீரும் சளியும்

மூச்சுக்குழாயின் உட்புறம் எப்போதும் மெல்லிய நீர்ப்படையால் நனைந்திருக்கும். அதன் மேல் சளி ஒரு மெல்லிய ஏடாகப் படிந்திருக்கும். காற்றோடு உள்ளே போகும் தூசும் கிருமியும் அந்தச் சளியில் ஒட்டிக்கொள்ளும். கலங்களின் மேலுள்ள நுண்மயிர்கள் இடைவிடாது அசைந்து சளியைத் தொண்டை நோக்கி மேலே தள்ளும். தொண்டைக்கு வந்த சளியை மனிதர் அறியாமலே விழுங்கிவிடுகிறார்கள். நீர்ப்படை போதிய ஆழத்தில் இருந்தால்தான் நுண்மயிர்கள் அசைய முடியும்.

இந்த ஆழத்தைக் காப்பதில் கலமென்சவ்விலுள்ள ஒரு புரதத்துக்குப் பெரும் பங்குண்டு. குளோரைட்டு அயன்கள் கலத்தைவிட்டு வெளியேற அது வாயிலாக இருக்கிறது. குளோரைட்டு போகும் இடத்துக்கு நீரும் போகும். அப்புரதத்தை ஆக்கும் பரம்பரையலகு 7ஆம் நிறமூர்த்தத்தில் இருப்பதை 1989இல் ரொறன்ரோவையும் மிச்சிகனையும் சேர்ந்த ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அந்தப் பரம்பரையலகு பழுதுபட்டால் வாயில் திறக்காது, அல்லது உருவாகவே மாட்டாது. நீர்ப்படை வற்றும், சளி இறுகும், நுண்மயிர்கள் அதற்குள் சிக்கிக்கொள்ளும். வெளியே போகவேண்டிய கிருமி உள்ளேயே தங்கிவிடும். சதையியின் குழாய்களும் இவ்வாறே அடைபடுவதால் கொழுப்புச் சமிக்காமல் பிள்ளையின் உடல் தேறாது.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் நோய் தோன்றும். ஒரு பிரதி மட்டும் உள்ளவர்கள் தங்களுக்குள் அப்படியொன்று இருப்பதே தெரியாமல் சுகமாக வாழ்வார்கள். அத்தகைய இருவர் மணந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. இரத்த உறவுக்குள் திருமணம் நடக்கும்போது இருவரிடமும் ஒரே பழுது இருக்கும் வாய்ப்புக் கூடுகிறது. இந்த வகைப் பரம்பரை நோய்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

வட ஐரோப்பிய வழியினரிடம் ஏறத்தாழ 2,500 முதல் 3,500 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் இந்நோய் காணப்படுகிறது. தென்னாசியரிடம் இது குறைவு. இருப்பவர்களிலும் பலர் ஆஸ்துமா என்றும், காசநோய் என்றும், அடிக்கடி வரும் நிமோனியா என்றும் கருதப்பட்டு அடையாளம் காணப்படாமல் போகிறார்கள். இந்நோயுள்ள பிள்ளையின் வியர்வையில் உப்பு மிகுதி, முத்தமிட்டால் நாக்கில் உப்புக் கரிக்கும். 1948இல் நியூயோர்க்கில் வீசிய கடும் வெப்ப அலையின்போது இப்பிள்ளைகள் அளவுக்கு மீறி உடல் வற்றி வைத்தியசாலைக்கு வந்ததைக் கவனித்த போல் டி சான்ட் அக்னீஸ் என்ற மருத்துவர் 1953இல் அந்த உப்பை அளந்து காட்டினார். இன்றும் நோயை உறுதிசெய்ய வியர்வைப் பரிசோதனையே முதன்மை. தமிழ்நாட்டில் இந்நோய்க்குத் தொடர் சிகிச்சை அளிக்கும் நிலையங்களில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஒன்று.

நுரையீரலில் தங்குபவை

இறுகிய சளியில் தங்கும் பற்றீரியாக்களில் இரண்டு முக்கியமானவை. முதலாவது சூடோமோனாஸ் ஏருஜினோசா. ஈரம் உள்ள இடமெல்லாம் அது வாழும். கைகழுவும் தொட்டியின் வடிகுழாய், குழாய்நீர், நனைந்த துடைப்பம், காயாத நெபுலைசர்க் கிண்ணம் எல்லாம் அதற்கு இடந்தரும். ஆய்வுகூடத் தட்டில் வளர்த்தால் நீலப்பச்சை நிறம் பரவும், திராட்சைப்பழ வாசனை எழும். நல்ல நுரையீரல் இதைத் துடைத்தெறிந்துவிடும். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நுரையீரலில் தங்கினால் நாளடைவில் அது வழுவழுப்பான ஒரு பொருளைச் சுரந்து அதற்குள் கூட்டமாக வாழத் தொடங்கும். இதை உயிர்ப்படலம் என்பர். படலத்துக்குள் இருக்கும் பற்றீரியாவை நுண்ணுயிர்க்கொல்லி மருந்தாலும் உடலின் எதிர்ப்புக் கலங்களாலும் எளிதில் அழிக்க முடியாது.

இரண்டாவது பேர்க்கோல்டேரியா செபேசியா. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்துத் தாவர நோயியலாளர் வோல்டர் பேர்க்கோல்டர், வெங்காயத்தின் வெளிமடல்கள் புளித்து அழுகுவதற்கு இதுவே காரணம் என்று 1950இல் எழுதினார். அப்போது அது கமக்காரரின் கவலையாக மட்டுமே இருந்தது. பின்னர் வைத்தியசாலைக் கிருமிநீக்கித் திரவங்களுக்குள்ளேயே இது உயிரோடு இருப்பது தெரியவந்தது. இதன் சில குலவகைகள் பென்சிலினையே உணவாக்கி வளரக்கூடியவை. 1984இல் ரொறன்ரோவின் சிறுவர் வைத்தியசாலை மருத்துவர்கள், இக்கிருமி பிடித்த சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளரில் ஒரு பகுதியினர் கடும் காய்ச்சலும் நிமோனியாவும் கண்டு குறுகிய காலத்தில் இறந்ததை அறிவித்தார்கள்.

இரண்டு விளக்கங்கள்

ஒரே கிளினிக்குக்கு வரும் பலரிடம் ஒரே கிருமி காணப்பட்டால் இரண்டு விளக்கங்கள் சொல்லலாம். ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுக் குழாயிலிருந்தோ மண்ணிலிருந்தோ தனித்தனியே அதைப் பெற்றிருக்கலாம். அல்லது ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போயிருக்கலாம். சூடோமோனாஸ் எங்கும் இருப்பதால் முதல் விளக்கமே பெரும்பாலோருக்கு நியாயமாகப் பட்டது. இந்நோயுள்ள பிள்ளைகளை ஒன்றுசேர்த்துக் கோடைகால முகாம்கள் நடத்துவது வட அமெரிக்காவில் வழமையாக இருந்தது. தனிமையில் வாடும் பிள்ளைகளுக்கு அது பெரிய ஆறுதல். அதை நிறுத்தச் சொல்ல வலுவான சான்று தேவைப்பட்டது. டென்மார்க்கின் கொப்பன்ஹேகன் நிலையம் மட்டும் 1981இலேயே சூடோமோனாஸ் உள்ளவர்களை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் கவனிக்கத் தொடங்கியது.

சான்று பற்றீரியாவின் டி.என்.ஏ.யில் இருந்தது. பற்றீரியா இரண்டாகப் பிரியும்போதெல்லாம் தன் டி.என்.ஏ. முழுவதையும் பிரதி எடுக்கிறது. எப்போதாவது ஓரெழுத்துப் பிழை நேர்கிறது. அந்தப் பிழை அதன் சந்ததி முழுவதிலும் தொடர்கிறது. பரீட்சை மண்டபத்தில் இரண்டு மாணவர் எல்லாக் கணக்குக்கும் சரியான விடை எழுதியிருந்தால் ஒருவர் மற்றவரைப் பார்த்து எழுதினார் என்று சொல்ல முடியாது. இருவரும் படித்து வந்திருக்கலாம். இருவரும் ஒரே கணக்கில், ஒரே வரியில், ஒரே பிழையை விட்டிருந்தால் திருத்தும் ஆசிரியருக்கு விளங்கிவிடும். இருவரிடமும் சூடோமோனாஸ் இருக்கிறது என்பது சரியான விடையைப் போன்றது, அதிலிருந்து எதுவும் தெரியாது. இரண்டு சூடோமோனாஸும் ஒரே பிழைகளைச் சுமக்கின்றன என்றால் அவை அண்மையில் ஒரே மூலத்திலிருந்து பிரிந்தவை.

இந்தப் பிழைகளை வாசிக்கத் தொடக்கத்தில் சுற்றுவழியே இருந்தது. டி.என்.ஏ.யைக் குறிப்பிட்ட இடங்களில் வெட்டும் நொதியத்தைச் சேர்த்து, கிடைக்கும் துண்டுகளைக் கூழ்ப்பொருளில் மின்னால் ஓடவிட்டு, நீளத்துக்கேற்ப அவை பிரிந்து நிற்கும் கோடுகளை ஒப்பிட்டார்கள். கோட்டு வரிசை ஒத்திருந்தால் ஒரே குலவகை. இன்று ஒரு பற்றீரியாவின் மரபுத்தொகுதி முழுவதையும் எழுத்தெழுத்தாக வாசித்துவிடலாம். சூடோமோனாஸின் அறுபது, எழுபது இலட்சம் எழுத்துக்களில் எத்தனை வேறுபடுகின்றன என்று எண்ணிப் பார்த்து, இரண்டும் எவ்வளவு நெருங்கிய உறவு என்று கணிக்க முடியும்.

ஆனால் எழுத்து ஒற்றுமை மட்டும் முழுக் கதையைச் சொல்லாது. நோயாளர் எங்கே, எப்போது, யாரோடு இருந்தார்கள் என்ற விவரத்தையும் சேர்த்தே முடிவுக்கு வரவேண்டும். இரண்டையும் சேர்த்தால் மூன்று வகை முடிவுகள் கிடைக்கின்றன.

மண், போத்தல், மனிதர்

முதல் வகையில் நோயாளர் பலர் இருப்பர், அவர்களின் கிருமிகள் ஒன்றுக்கொன்று வேறாக இருக்கும். இதற்கு இலங்கையிலேயே உதாரணம் உண்டு. வெங்காயக் கிருமிக்கு நெருங்கிய உறவான பேர்க்கோல்டேரியா சூடோமல்லை, மெலியோய்டோசிஸ் என்ற நோயை உண்டாக்குகிறது. ரங்கூனில் அல்ஃபிரட் விட்மோரும் சி. எஸ். கிருஷ்ணசுவாமியும் 1912இல் இந்நோயை முதன்முதல் விவரித்தார்கள். இலங்கையில் முதல் நோயாளி 1927இல் பதிவானார். அதன்பின் நெடுங்காலம் இது நாட்டில் மிக அரிதென்றே கருதப்பட்டது. கொழும்புப் பல்கலைக்கழகத்து நுண்ணுயிரியலாளர் ஏனோகா கொரேயாவும் அவரோடு பணியாற்றியவர்களும் 2006 முதல் தேடிப் பார்த்தபோதுதான் இது நாட்டில் நிலைகொண்ட நோய் என்பது தெளிவானது. ஈர மண்ணிலும் வயல்நீரிலும் இக்கிருமி வாழ்கிறது. நீரிழிவு உள்ளவர்களையே அதிகம் தாக்குகிறது. வடகீழ்ப் பருவமழையில் நனைந்த வட்டைகளில் பெரும்போகத்துக்காக வெறுங்காலோடு இறங்கி வேலை செய்யும் அம்பாறைக் கரையோரத்துக் கமக்காரர் அறிந்திருக்க வேண்டிய நோய் இது.

இலங்கை நோயாளரிடமிருந்து எடுத்த கிருமிகளை ஒப்பிட்டபோது அவை பல்வேறு குலவகைகளாக இருந்தன. ஒவ்வொருவரும் தத்தம் மண்ணிலிருந்து பெற்றதற்கு அதுவே அடையாளம். மனிதரிடமிருந்து மனிதருக்கு மெலியோய்டோசிஸ் போவது மிக மிக அரிது. ஆனால் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ளவர்களை இந்த மண் கிருமி எளிதில் தாக்கும். வட அவுஸ்திரேலியாவிலும் வெப்பமண்டல நாடுகளுக்குப் போய் வந்தவர்களிடமும் இது காணப்பட்டிருக்கிறது. இலண்டனிலோ ரொறன்ரோவிலோ வளரும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள பிள்ளையை மாரிகாலத்தில் ஊருக்குக் கூட்டிவர நினைக்கும் குடும்பம் முன்கூட்டியே மருத்துவரிடம் பேசவேண்டியது இதனால்தான்.

இரண்டாவது வகையில் கிருமிகள் ஒன்றாக இருக்கும், நோயாளரோ ஒருவரையொருவர் கண்டதே இருக்காது. 2022–2023இல் அமெரிக்காவின் 18 மாநிலங்களில் 81 பேருக்கு, அந்நாட்டில் அதுவரை காணப்படாத, ஏறத்தாழ எல்லா மருந்துக்கும் அடங்காத ஒரு சூடோமோனாஸ் குலவகை தொற்றியது. நால்வர் இறந்தார்கள், 14 பேர் பார்வை இழந்தார்கள். மாநிலம் விட்டு மாநிலம் பரந்திருந்த இவர்களை இணைத்தது ஒரு சிறு போத்தல். தமிழ்நாட்டில் உற்பத்தியாகி ஏற்றுமதியான, கண் வறட்சிக்கு இடும் செயற்கைக் கண்ணீர் மருந்து அது. பாவித்துக்கொண்டிருந்த போத்தல்களில் வளர்ந்த கிருமியும் நோயாளரின் கிருமியும் ஒரே பிழைகளைச் சுமந்தன. 2023 பெப்ரவரியில் மருந்து மீளப் பெறப்பட்டது. பொது மூலம் ஒன்று இருந்தால் மனிதர் சந்திக்காமலே ஒரே குலவகை பரவும் என்பதற்கு இது தெளிவான சான்று.

மூன்றாவது வகையில் கிருமிகள் ஒன்றாக இருக்கும், நோயாளரும் ஒரே இடத்தில் கூடியிருப்பர், பொதுவான போத்தலோ குழாயோ அகப்படாது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நிலையங்களில் கண்டது இதுதான். வெங்காயக் கிருமியின் ஒரே குலவகை எடின்பரோவிலும் ரொறன்ரோவிலும் நோயாளரிடையே பரவியிருந்தது. கனடாவின் கோடை முகாம்களில் பிரித்தானியப் பிள்ளைகளும் கலந்துகொண்டிருந்தார்கள். வைத்தியசாலைக்கு வெளியே பழகியவர்களிடையேயும் அது போயிருப்பதை 1993இல் பிரித்தானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். அத்தோடு முகாம்கள் கைவிடப்பட்டன.

சூடோமோனாஸ் பற்றிய ஐயம் 1996இல் நீங்கியது. லிவர்பூலின் ஆல்டர் ஹே சிறுவர் வைத்தியசாலையில் வழமையான மருந்துக்குக் கட்டுப்படாத சூடோமோனாஸ் பல பிள்ளைகளிடம் காணப்பட்டது. டி.என்.ஏ.யை ஒப்பிட்டபோது அவர்களில் பெரும்பாலோரிடம் இருந்தது ஒரே குலவகை. அது பின்னர் பிரித்தானியாவின் வேறு நிலையங்களிலும் கனடாவின் ஒன்ராறியோவிலும் தென்பட்டது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் இல்லாத பெற்றோருக்கும் அது போனதுண்டு. ஒரு நோயாளியின் வீட்டுப் பூனைக்கும் போயிருந்தது.

அப்போது கேம்பிரிட்ஜ் அருகில் இருந்த பாப்வேர்த் வைத்தியசாலையில் மைக்கோபற்றீரியம் அப்செசஸ் என்ற, காசநோய்க் கிருமியின் தூரத்து உறவான பற்றீரியாவை ஆராய்ந்தார்கள். 31 நோயாளரின் 168 மாதிரிகளை முழுதாக வாசித்து 2013இல் வெளியிட்டார்கள். வெவ்வேறு நோயாளரின் கிருமிகளில் சில, ஒரே நோயாளியிடம் எடுத்த மாதிரிகளுக்கிடையே இருக்கும் அளவுக்கு நெருக்கமாக இருந்தன. இன்னொன்றும் கண்டார்கள். ஒரு மருந்தை நெடுநாள் பாவித்ததே இல்லாத நோயாளியிடம், அந்த மருந்தை எதிர்த்து நிற்கும் கிருமி இருந்தது. அந்த எதிர்ப்பு, மருந்தைப் பாவித்த வேறொருவரின் உடலுக்குள்தான் உருவாகியிருக்க வேண்டும். 2016இல் பல நாடுகளின் 517 நோயாளரிடம் எடுத்த 1,080 மாதிரிகளை ஒப்பிட்ட ஆய்வு, சில குலவகைகள் கண்டம் விட்டுக் கண்டம் பரவியிருப்பதைக் காட்டியது. பின்வந்த சில ஆய்வுகள் இக்கிருமி வைத்தியசாலைக்குள் நேரடியாகத் தொற்றுவதற்கு அவ்வளவு சான்று காணவில்லை. எனவே இந்தக் கிருமியைப் பொறுத்தவரை விவாதம் இன்னும் முடியவில்லை.

கிருமி போகும் வழி

இருமும்போது வெளிவரும் பெரிய துளிகள் அருகிலேயே விழுந்துவிடும். நுண்துளிகள் காற்றில் மிதக்கும். அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து ஆய்வாளர்கள் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளரை ஒரு மூடிய கருவிக்குள் இருமச்செய்து அளந்தார்கள். 4 மீற்றர் தூரத்திலும், 45 நிமிடங்கள் கழிந்த பின்னும், உயிருள்ள சூடோமோனாஸ் அந்தக் காற்றில் இருந்ததை 2014இல் அறிவித்தார்கள். நோயாளி சாதாரண முகக்கவசம் அணிந்து இருமினால் அந்த அளவு வெகுவாகக் குறைவதையும் பின்னர் காட்டினார்கள்.

காற்றுக்கு அடுத்தது கருவி. நெபுலைசர் மருந்தை நுண்துளிகளாக்கி நுரையீரலின் ஆழத்துக்கு அனுப்பும். ஒருவர் பாவித்த கிண்ணத்தைக் குழாய்நீரில் அலசி அப்படியே கவிழ்த்துவைத்தால், அடியில் நிற்கும் இரண்டு மூன்று துளி நீரில் சூடோமோனாஸ் இரவோடிரவாகப் பெருகும். அடுத்தமுறை மருந்தோடு சேர்ந்து அதுவும் நேரே நுரையீரலுக்குள் போகும். அதனால் கிண்ணமும் வாய்க்கவசமும் ஒவ்வொரு நோயாளிக்கும் தனியாக இருக்கவேண்டும். பாவித்தவுடன் சவர்க்கார நீரில் கழுவி, வெப்பம் தாங்கும் பாகங்களை 5 நிமிடம் கொதிக்கவைத்து, காற்றில் நன்கு உலரவிட வேண்டும். உலர்த்தாவிட்டால் மற்ற வேலையெல்லாம் வீண். ஆஸ்துமாவுக்காக வீட்டில் நெபுலைசர் வைத்திருக்கும் எவருக்கும் இது பொருந்தும்.

மூன்றாவது வழி கை. நோயாளியைத் தொட்ட கை, கதவுப்பிடி, சுவாசப் பரிசோதனைக் கருவி, விளையாட்டுப் பொருள் என்று கிருமி நகரும். அற்ககோல் கலந்த கைத்தேய்ப்பு இவ்வகைப் பற்றீரியாவை விரைவாகக் கொல்லும்.

பிரித்து வைப்பது

இந்த அறிவிலிருந்தே இன்றைய விதிகள் வந்தன. அமெரிக்காவின் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் அமைப்பு 2003இல் இரு நோயாளருக்கிடையே 3 அடி இடைவெளி போதும் என்றது. 2013இன் வழிகாட்டலில் அது 6 அடியானது. வைத்தியசாலைக்குள் நுழையும் நோயாளி முகக்கவசம் அணிவார். காத்திருப்பு அறையில் இராமல் நேரே பரிசோதனை அறைக்குப் போவார். மருத்துவரும் தாதியும் இயன்மருத்துவரும் ஒருவர் பின் ஒருவராக அந்த அறைக்கே வருவார்கள். தங்கிச் சிகிச்சை பெறுபவருக்குத் தனி அறை, தனிக் குளியலறை.

இலங்கையின் அரச வைத்தியசாலைகளில் பல கட்டில்கள் கொண்ட திறந்த வார்டே வழமை. கல்முனை அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலை, கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலை போன்றவற்றுக்குச் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளி அரிதாகவே வரக்கூடும். ஆனால் காசநோய் ஆறியபின் மூச்சுக்குழாய் விரிந்துபோனவர்கள், நாட்பட்ட நுரையீரல் அடைப்புள்ளவர்கள், செயற்கைச் சுவாசத்தில் இருப்பவர்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். சூடோமோனாஸ் அவர்களின் நுரையீரலிலும் தங்கும். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸில் கண்ட அளவுக்கு நோயாளரிடையே நேரடித் தொற்று மூச்சுக்குழாய் விரிவு உள்ளவர்களிடம் காணப்படவில்லை என்றாலும், வடிகுழாயும் காயாத கருவியும் கழுவாத கையும் எல்லோருக்கும் பொதுவான வழிகள். தனி அறை இல்லாத இடத்திலும் செய்யக்கூடியவை உண்டு. மருந்துக்கு அடங்காத கிருமியுள்ளவரை வார்டின் ஓரத்துக் கட்டிலுக்கு மாற்றலாம், அவருடைய கிளினிக் முறையைக் கடைசியில் வைக்கலாம், யன்னலைத் திறந்து வைக்கலாம். நலம் விசாரிக்க வருபவர்கள் ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குப் போகுமுன் கையைத் தேய்த்துக்கொள்ளலாம்.

பிரித்து வைத்ததால் பயன் கிடைத்ததா என்பதையும் அதே டி.என்.ஏ. ஒப்பீடே சொல்கிறது. விதிகள் நடைமுறைக்கு வந்த நிலையங்களில், பலரிடம் பரவும் பொதுக் குலவகை புதிதாகத் தொற்றுவது குறைந்தது. கிருமித்தொற்று முற்றாக நின்றுவிடவில்லை. புதிதாகத் தொற்றியவர்களில் பெரும்பாலோரிடம் இருப்பவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத, சூழலிலிருந்து வந்த தனித்தனிக் குலவகைகள். இவை பெரும்பாலும் மருந்துக்கு இன்னும் பழகாதவை. ஆரம்பத்திலேயே கண்டு மருந்து கொடுத்தால் பல நோயாளரின் நுரையீரலிலிருந்து அவற்றை நீக்கிவிட முடிகிறது.